மயிலும் மூஞ்சூறும் ஓடும் பந்தயம்: வீட்டில் கட்டிய விமானத்தோடு களத்தில் இறங்க

சொந்தமாக விமானம் கட்டிப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று யாராவது என்னிடம் வந்தால், நான் முதலில் சொல்வது "கட்டாதீர்கள்" என்பதுதான். என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம். முதலில் வேறொருவர் விமானத்தில் வலது சீட்டில் உட்காருங்கள், மடியில் மேப்பும் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சுமாக. இரண்டு பந்தயம் அப்படிப் போய்விட்டு வாருங்கள். அப்புறமும் ஆசை அடங்கவில்லை என்றால் காராஜைக் காலி செய்யலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஏழு வருஷம் கட்டிய பிறகுதான் பந்தயம் என்றால் என்ன என்றே எனக்குத் தெரிந்தது.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்காரன். சர்க்கரை ஆலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சின்ன வயசில் கரும்புக்கு மேலே தாழப் பறந்து மருந்து தெளிக்கிற பிளேனைப் பார்த்து வாய் பிளந்து நிற்பேன். "அது நம்ம வீட்டுக் கொக்கு இல்லடா, வா உள்ளே" என்று ஆயா கையைப் பிடித்து இழுப்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அன்றைய சட்டத்தில் எங்கள் தோல் நிறத்துக்குப் பறக்கும் கிளப்பின் கதவு மூடித்தான் இருந்தது. நான் லைசன்ஸ் எடுத்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஆகவே "இந்த வயசில் இதெல்லாம் முடியுமா" என்ற கேள்வியோடு என்னிடம் வராதீர்கள்.

எந்தப் பந்தயம் என்று முதலில் தெளிவாகிக்கொள்வோம். அமெரிக்காவின் ரீனோவில் கம்பங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார்களே, 1964 முதல் 2023 வரை, அதைத்தான் பலரும் மனதில் வைத்திருக்கிறார்கள். அங்கே ஃபார்முலா ஒன் என்று ஒரு பிரிவு இருந்தது. எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின், கான்டினென்டல் ஓ-200, சிறிய செஸ்னா 150-இல் இருக்கிற அதே 100 குதிரைத்திறன். ஆள் ஒருவர்தான், சிறகும் குட்டி. வீட்டில் கட்டியவர்களின் சொர்க்கம் அது. வீடியோவில் பார்க்க அருமையாக இருக்கும். நாற்பது மணி நேரம் பறந்த கையோடு அதில் குதிக்க நினைப்பது மட்டும் வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் நமக்குக் கிடைப்பது வேறு வகை. இங்கே விமானப் பந்தயத்துக்குப் பழைய வேர் உண்டு. 1936-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை ஷ்லெசிங்கர் பந்தயம் நடந்தது. ஒன்பது விமானங்கள் கிளம்பின, ரேண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியது ஒன்றே ஒன்று. ஸ்காட்டும் கத்ரியும் ஓட்டி வந்த பெர்சிவல் வேகா கல், 53 மணி நேரத்துக்குச் சில நிமிடம் குறைவாக. அதற்கு அடுத்த வருஷம், 1937-இல், கவர்னர் ஜெனரல் கோப்பை என்று உள்நாட்டுப் பந்தயம் ஒன்று தொடங்கியது. அதுதான் இன்று பிரெசிடென்ட்ஸ் டிராஃபி என்ற பெயரில் நடக்கிறது. நடத்துவது சாப்ஃபா, அதாவது எஞ்சின் விமானம் ஓட்டுகிறவர்களின் தேசிய சங்கம். சிறிய செஸ்னாவும் வரும், வீட்டில் கட்டிய ஆர்வி ரக விமானமும் வரும், பழைய இரட்டை எஞ்சின் பரோனும் வரும். எல்லாம் ஒரே பந்தயத்தில்.

அது எப்படி நியாயம் என்று கேட்பீர்கள். ஹேண்டிகேப்தான் விடை. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் முழு வேகம் இவ்வளவு என்று முன்கூட்டியே கணித்துவிடுவார்கள். 300 கடல் மைல் பாதை என்று வையுங்கள். 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல் மைல், ஓடுகிற விமானத்துக்கு மூன்று மணி நேரம், 150 நாட் ஓடுகிறதற்கு இரண்டு மணி நேரம். மெதுவானது ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பும். எல்லோரும் தவறே செய்யாமல் பறந்தால் எல்லோரும் ஒரே நொடியில் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டுவதில்லை. அந்த வித்தியாசம்தான் பந்தயம்.

என் வீட்டுக்காரிக்கு இதை விளக்க நான் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாதியிலேயே, "மாம்பழக் கதைதானே? மயில் உலகத்தைச் சுற்றப் போச்சு, மூஞ்சூறு அம்மா அப்பாவைச் சுற்றிப் பழத்தை வாங்கிடுச்சு" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளையார் விதியைக் கவனமாகக் கேட்டவர். பந்தயத்தின் விதிப்புத்தகம் கைக்கு வந்ததும் இரண்டு தடவை படியுங்கள். பல போட்டிகளில் ஜிபிஎஸ் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடாது. நீங்கள் எங்கே போனீர்கள் என்று பதிவு செய்ய ஒரு சின்னப் பெட்டி மட்டும் விமானத்தில் இருக்கும். எந்தத் திருப்புமுனையை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், எவ்வளவு உயரத்துக்குக் கீழே வரக்கூடாது, எல்லாம் விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கும். எங்கள் விமானத்தின் மூக்கில் "மயில்" என்று எழுதியதும் அவள்தான். தோற்ற வாகனத்தின் பெயரை ஏன் வைத்தாய் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இப்போது வலது சீட்டுக்கு வருவோம். நேவிகேட்டர் வேலையைக் கற்றுக்கொள்ள லைசன்ஸ் வேண்டாம், பணமும் அதிகம் வேண்டாம். 1:2,50,000 அளவு மேப் ஒன்று, பென்சில், கோணமானி, ஸ்டாப்வாட்ச், இவை போதும். பாதையைக் கோடு இழுத்து, உங்கள் வேகத்துக்கு ஒரு நிமிடத்துக்கு ஒரு குறி போடுங்கள். 150 நாட் என்றால் நிமிடத்துக்கு இரண்டரைக் கடல் மைல், அந்த மேப்பில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கிளம்பும்போது வாட்ச்சை அழுத்துங்கள். ஒவ்வொரு குறியிலும் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிய வேண்டும் என்று முன்னதாகவே எழுதி வையுங்கள்.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வெளியே ஒரு அணையைப் பார்ப்பார்கள், உடனே மேப்பில் அதைத் தேடுவார்கள். மேப்பில் ஏதோ ஓர் அணை எப்போதும் கிடைத்துவிடும். முறை அதற்கு நேர்மாறு. மணியைப் பார், மேப்பைப் பார், அப்புறம்தான் தரையைப் பார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் முதல் பந்தயத்தில் நான் ஒரு செஸ்னா 172-இல் நேவிகேட்டர். ஓட்டியவர் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் மக்காச்சோளம் போடுகிற ஒரு பெரியவர். எல்லோரும் அவரை "ஊம்" என்று கூப்பிடுவார்கள். ஆஃப்ரிகான்ஸில் அது மாமா. என் மருமகன் என்னை மாமா என்கிறான், நான் அவரை மாமா என்கிறேன், பந்தயம் முழுக்க ஒரே உறவுமுறைதான். அந்தச் சமவெளியில் ஊருக்கு ஊர் தானியச் சைலோ நிற்கும், இருபது மைலுக்கு அப்பாலேயே வெள்ளைத் தூணாகத் தெரியும். நான் மகிழ்ச்சியாக ஒன்றைக் காட்டி "அதோ" என்றேன். பெரியவர் என்னை நம்பித் திருப்பினார். அது பக்கத்து ஊர்ச் சைலோ. சைலோவோடு ரயில் பாதை எந்தப் பக்கம் போகிறது, ரோடு எங்கே வளைகிறது என்று சேர்த்துப் பார்த்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். அணைகளையும் நம்பாதீர்கள், மழை பொய்த்த வருஷம் பாதி அணைகள் வெறும் சேறு. பெரியவர் திட்டவில்லை. இறங்கியதும் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "சைலோக்கள் எல்லாம் அண்ணன் தம்பிகள்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு சின்னக் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். 60 மைல் போய் 1 மைல் விலகியிருந்தால் உங்கள் திசை 1 டிகிரி தப்பு. அப்படியென்றால் 30 மைல் தூரத்தில் 5 டிகிரி தப்பினால் இரண்டரை மைல் தள்ளி நிற்பீர்கள். 150 நாட்டில் அது முழுசாக ஒரு நிமிடம். எங்கள் மருமகன் இதைப் பழகியது காரில்தான். நான் பக்கியை (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) ஓட்ட, அவன் பக்கத்தில் மேப்போடு உட்கார்ந்து, டோங்காட்டிலிருந்து கரும்புக்காட்டுச் சாலைகள் வழியாகக் கிரேடவுன் வரை ஒவ்வொரு பாலமும் எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்வான். தப்பினால் டீச் செலவு அவனுடையது.

லைசன்ஸ் விஷயம் சுருக்கமாக. சாதாரண பிரைவேட் பைலட் லைசன்ஸுக்கு இங்கே குறைந்தது 45 மணி நேரப் பறப்பு, வயது 17. நேஷனல் பைலட் லைசன்ஸ் என்று எளியது ஒன்றும் உண்டு, அது இலகு விமானங்களுக்கு. கனமான ஆர்வி மாதிரி விமானம் கட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே பிரைவேட் எடுத்துவிடுங்கள், பாதியில் மாறுவது இரட்டைச் செலவு. டர்பன்காரர்களுக்கு வெர்ஜீனியா விமான நிலையம் வசதி. ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே கடல், காற்று எப்போதும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே இறங்கப் பழகியவன் வேறு எங்கேயும் பயப்பட மாட்டான். வடக்கே கொஞ்ச தூரத்திலேயே கிங் ஷாகாவின் பெரிய ஜெட்கள், ஆகவே ரேடியோவில் ஒழுங்காகப் பேசவும் சீக்கிரம் வந்துவிடும்.

எந்த விமானம் கட்டுவது என்பதில்தான் ஆட்கள் வருஷக்கணக்காக வாதாடுகிறார்கள். வேகமானது வேண்டும் என்பார்கள். ஹேண்டிகேப்பில் வேகம் உங்களுக்கு ஒன்றும் தராது, அதைத்தான் கழித்துவிடுகிறார்களே! வேண்டியது வேறு: நேராக விட்டால் நேராகப் போகிற விமானம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மேப்பை விரிக்கிற விமானம், ஜன்னல் வழியாகக் கீழே நன்றாகப் பார்க்க முடிகிற விமானம். தாழ்ந்த சிறகு கீழே பார்வையை மறைக்கும், பரவாயில்லை, கொஞ்சம் முன்னாலேயே பார்க்கப் பழகிவிடும்.

இங்கேயே செய்யும் கிட், அதாவது நாமே பூட்டிக் கட்டுகிற பாகங்களின் தொகுப்பு, வேண்டும் என்றால் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே டெடர்ஃபீல்டில் ஸ்லிங் இருக்கிறது. நல்ல இலகு விமானம், ரோட்டாக்ஸ் எஞ்சின், சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்கலாம். ஒரு பாகம் குறைந்தால் கப்பல் வரக் காத்திருக்க வேண்டாம். இன்று ஆரம்பித்தால் நான் அதைத்தான் எடுப்பேன். நான் எடுத்தது அமெரிக்க வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்: ஆலையில் முப்பத்தாறு வருஷம் தகடும் ரிவெட்டும் பிடித்த கை இது, அலுமினியத்தைப் பார்த்ததும் மனசு அங்கேயே போய்விட்டது. உங்களுக்கு மரம் பழக்கமென்றால் மரத்தில் கட்டுகிற டிசைன்களும் உண்டு. உங்கள் கைக்குத் தெரிந்த பொருளை எடுங்கள்.

முழு கிட்டையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். வால் பகுதி கிட்டை மட்டும் வாங்குங்கள். ஆறு மாதத்தில் அது முடியவில்லை என்றால் மீதியும் முடியாது. அப்போது விற்றால் நஷ்டமும் குறைவு. பெட்டி டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ராண்டின் மதிப்பு என்ன கதியில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதையும் கணக்கில் வையுங்கள். ஆர்விக்கு 1500 முதல் 2000 மணி நேரம் வேலை என்பது பொதுவான கணிப்பு. என்னுடையது அதைத் தாண்டியது. தைப்பூச விரதத்தில் பட்டறையைத் திறக்கமாட்டேன், ஆடி மாதம் மாரியம்மன் கூழ் ஊற்றுகிற ஞாயிறுகளிலும் கோவிலில்தான் இருப்பேன், மின்வெட்டு நாட்களில் கம்ப்ரஸர் ஓடாது. மின்வெட்டுக்கு என் மருந்து: காற்று வேண்டாத வேலைகளைத் தனியாக ஒரு பட்டியலில் எழுதி வைத்திருப்பேன். விளிம்புகளைத் தேய்ப்பது, பெயர் ஒட்டுவது, மேனுவல் படிப்பது. விளக்கு போனதும் டார்ச்சோடு அந்தப் பட்டியலுக்குப் போய்விடுவேன்.

ரிவெட் அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தாயிரத்துக்கும் மேலே அடிக்கப் போகிறீர்கள். ஒருவர் ரிவெட் கன் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பின்பக்கம் பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு வேண்டும். நானும் மருமகனும் பேசாமலே அடிக்கிற நிலைக்கு வர ஒரு சிறகு முழுக்க ஆனது. அடித்த ரிவெட்டின் பின்தலை, தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். எட்டில் ஒரு அங்குல ரிவெட் என்றால் அகலம் 4.8 மில்லிமீட்டர், உயரம் 1.6. துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டு விட்டமாவது உள்ளே இருக்கட்டும். ரிவெட் கோணலாகப் போனால், பெரிய கோணல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எடுக்கப் போய் துளையைப் பெரிதாக்குகிறவர்கள்தான் அதிகம். நான் முதல் மாதம் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். சோதிக்க வந்தவர் பார்த்துவிட்டு, "நீங்கள் சரிசெய்ததைத்தான் இப்போது சரிசெய்ய வேண்டும்" என்றார்.

கடற்கரைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. எங்கள் காராஜிலிருந்து கடல் நாலு கிலோமீட்டர். வெறுங்கையால் தொட்ட தகட்டில் விரல் ரேகை துருவாகப் பூத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உள்நாட்டில் கட்டுகிறவர்கள் துருவைத் தடுக்கிற பிரைமர் பூச்சு அடிக்கலாமா வேண்டாமா என்று சண்டை போடட்டும், நீங்கள் அடித்துவிடுங்கள். பருத்திக் கையுறை போடுங்கள். கடைசியில் கையுறைக்காகவே ஒரு தனிப் பெட்டி வைத்தேன், பேரப்பிள்ளைகள் அதைப் பொம்மைக்குப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

என் பெரிய முட்டாள்தனம் சீட்டுக்கு மேலே மூடுகிற கண்ணாடிக் கூடு. அக்ரிலிக் குளிரில் உடையும் என்று மேனுவலில் எழுதியிருந்தது. டர்பன் பக்கம் ஏது குளிர் என்று ஒரு ஜூலை மாதக் காலையில் ஆறு மணிக்கு டிரில்லை எடுத்தேன். எட்டாவது துளையில் "டிக்" என்று ஒரு சத்தம், ஒரு முடி அளவு கோடு, அது என் கண்முன்னாலேயே ஒரு சாண் ஓடியது. புதுக் கூட்டுக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். அடுத்த தடவை பிப்ரவரி மத்தியானம், கதவை மூடி, வேர்த்து வேர்த்துத் துளைத்தோம். சாதாரண டிரில் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுக்கும், அதற்கென்று கூர்முனைப் பிட் தனியாக உண்டு, அதை வாங்குங்கள்.

நட்டுகளைப் பற்றியும் ஒன்று. தானாகப் பூட்டிக்கொள்கிற நட்டைக் கட்டுப்பாட்டு இணைப்புகளில் கழற்றினால் குப்பையில் போடுங்கள், புதிது மாட்டுங்கள். காசு மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை. 2011 செப்டம்பரில் ரீனோவில் ஒரு பழைய மஸ்டாங் போர் விமானம் பார்வையாளர் பக்கமாக விழுந்து பைலட்டோடு பதினொரு பேர் இறந்தார்கள். விசாரணை போய் நின்ற இடம் வாலில் இருந்த சின்ன டிரிம் தகடு. அதைப் பிடித்திருந்த பழைய பூட்டு நட்டுகள் பிடிப்பு இழந்து திருகாணிகள் தளர்ந்திருந்தன, வேகத்தில் தகடு நடுங்கிப் பிய்ந்துவிட்டது. அந்த அறிக்கையைப் படித்த அன்று ராத்திரி எழுந்து போய் மூக்கை ஏற்றி இறக்குகிற வால் பகுதியான என் எலிவேட்டரைத் திரும்பத் திறந்தேன்.

சட்டப் பக்கம்: வீட்டில் கட்டிய விமானத்துக்கு இங்கே இசட்-யு என்று தொடங்கும் பதிவெண் கிடைக்கும். பாதிக்கு மேல் வேலையை நீங்களே செய்திருக்க வேண்டும், ஆகவே முதல் நாளிலிருந்து போட்டோவும் டைரியும் வையுங்கள். போட்டோவில் உங்கள் முகமும் இருக்கட்டும், வெறும் தகட்டைப் படம் பிடித்தால் யார் அடித்த ரிவெட் என்று யாருக்குத் தெரியும்? அப்ரூவ்ட் பர்சன் என்று அங்கீகாரம் பெற்ற ஒருவர் கட்டக் கட்ட வந்து பார்ப்பார். சிறகை மூடும் முன்னால் அவரைக் கூப்பிடுங்கள். மூடிய பிறகு கூப்பிட்டுவிட்டு, அவர் திறக்கச் சொன்னதும் சோகமாக நின்ற ஒரு நண்பர் எனக்கு உண்டு. எல்லாம் முடிந்ததும் முதலில் சோதனைப் பறப்புக்கான அனுமதி, அந்த மணி நேரங்களை முடித்த பிறகு முழு அனுமதி. கிழக்கு மேற்கு தெரியாத நாட்களில் எனக்குக் கைகொடுத்தது இஏஏ கிளைக்காரர்கள்தான். வீட்டில் கட்டுகிறவர்களின் சங்கம் அது, அமெரிக்காவில் 1953-இல் தொடங்கியது, இங்கேயும் கிளைகள் உண்டு. போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், யாராவது தன் தப்பைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

முதல் தடவை சக்கரம் உருண்ட அன்று வீட்டுக்காரி எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்துவிட்டாள். பெட்ரோல் நிற்கிற ஹேங்கரில் கற்பூரமா! கேட்டுக்கு வெளியே, பக்கிக்குப் பக்கத்தில் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். பழத்தைச் சக்கரத்தடியில் வைக்க அனுமதி கிடைத்தது. சாறு தெறித்துப் புதுப் பெயிண்டில் விழுந்த புள்ளி இன்னும் இருக்கிறது.

முதல் பறப்பை நீங்களே செய்ய வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அதே மாடலில் நூறு மணி நேரம் பறந்த ஒருவர் செய்யட்டும். எனக்கு அப்படித்தான் நடந்தது. நான் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், எதை எண்ணினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அதற்கு முன்னால் எரிபொருள் ஓட்டத்தை அளந்துகொள்ளுங்கள்: பம்ப் வைத்த அமைப்பில், மூக்கைத் தூக்கிய நிலையில், எஞ்சின் முழு வலுவில் குடிப்பதைவிடக் கால் பங்காவது அதிகம் குழாயில் வர வேண்டும்.

இனி பந்தயத்துக்கான சோதனை. ஒரே உயரத்தில், முழு வலுவில், வடக்கு கிழக்கு தெற்கு மேற்கு என்று நான்கு திசையிலும் பறந்து ஜிபிஎஸ் காட்டும் தரைவேகத்தை எழுதுங்கள். நான்கின் சராசரியில் காற்றின் தாக்கம் பெரும்பாலும் அடிபட்டு, உண்மை வேகம் கிட்டத்தட்டக் கிடைக்கும். அதுதான் உங்கள் விமானத்தின் ஜாதகம். சிலர் ஹேண்டிகேப் அளக்கும்போது வேண்டுமென்றே மெதுவாகப் பறந்து காட்டப் பார்ப்பார்கள். ஆலையில் எடைமேடையில் கரும்பு வண்டியை ஏமாற்றப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். எடைமேடைக்காரன் அதற்கு மேல் பார்த்தவன்.

கடலோரத்தில் பழகியவர்கள் ஹைவெல்ட் என்ற உள்நாட்டு உயர் சமவெளிக்குப் போகும்போது இதைக் கவனியுங்கள், இதை மட்டுமாவது. ரேண்ட் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 5,500 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 30 டிகிரி வெயிலில் அங்கே காற்று 8,600 அடியில் இருப்பது போல் மெலிந்துவிடும். உங்கள் 180 குதிரையில் நாற்பது ஐம்பது குதிரை காணாமல் போகும், ஓடுபாதை நீண்டுகொண்டே இருக்கும். இன்னொன்று அதைவிடச் சூட்சுமம். ஆர்வி-7-க்குத் தாண்டக்கூடாத வேகம் 200 நாட். அது வேகமானி முள்ளில் தெரிகிற வேகத்துக்கு இல்லை, உண்மை வேகத்துக்கு. வாலும் சிறகும் நடுங்க ஆரம்பிப்பது உண்மை வேகத்தைப் பொறுத்தது. மெலிந்த காற்றில் முள் குறைத்துக் காட்டும். 8,600 அடி கணக்கில் முள் 176-ஐத் தொட்டாலே நீங்கள் 200-இல் இருக்கிறீர்கள். கடைசிக் கோட்டுக்கு மூக்கைக் குத்தி இறங்குகிற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு காகிதத்தில் உயரத்துக்கு உயரம் அந்த எண்ணை எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள்.

வேகத்தைக் கூட்டலாமா? கூட்டலாம், ஆனால் எஞ்சினில் இல்லை. வேகம் பத்து சதவீதம் கூட வலு மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். 180 குதிரையில் 160 நாட் போவதை 176 ஆக்க 240 குதிரை தேவை. அதை விட்டுவிட்டு இடுக்குகளை அடையுங்கள், சக்கர மூடியை நேராகப் பொருத்துங்கள், எஞ்சினைச் சுற்றிக் காற்று ஒழுகும் இடங்களை அடைத்துவிடுங்கள், பூச்சிகளைத் துடையுங்கள். நான் இப்படி ஒரு வருஷம் பாடுபட்டு இரண்டு நாட் சம்பாதித்தேன். 300 மைலில் அதன் விலை 80 வினாடிக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த பந்தயத்தில் விமானத்தைத் திரும்ப அளந்து அதையும் ஹேண்டிகேப்பில் ஏற்றிவிட்டார்கள். அதே பந்தயத்தில் ஒரு திருப்புமுனையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததில் இரண்டு நிமிடம் போனது. அன்றைக்குப் பிறகு நான் பெயிண்டைத் தேய்க்கவில்லை, மேப்பைத்தான் தேய்த்தேன்.

திருப்பத்தில் வீரம் காட்ட வேண்டாம். 45 டிகிரி சாய்வில் 150 நாட்டில் திரும்பினால் ஆரம் ஏறக்குறைய 600 மீட்டர், 60 டிகிரியில் 350. வித்தியாசத்தில் மிஞ்சுவது சில வினாடி. ஆனால் 60-இல் உங்கள் எடை இரண்டு மடங்காகும், விமானம் ஸ்டால் ஆகும், அதாவது சிறகு தூக்கும் பலத்தை இழக்கும், வேகம் நாற்பது சதவீதம் ஏறும், நேவிகேட்டரின் பென்சில் மடியிலிருந்து எங்கோ போகும். 45 போதும். திருப்பத்தை முன்னாலேயே தொடங்கி, வெளியே வரும்போது அடுத்த திசையில் மூக்கு நேராக நிற்கும்படி வாருங்கள். சறுக்கலைக் காட்டுகிற கருவியின் பந்து நடுவில் இருக்கட்டும். கால் சோம்பேறியாகிப் பந்து பாதி விலகி நின்றால், விமானம் தெரியாமலே பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும், ஒரு நாட் அங்கே ஒழுகும்.

எதிர்க்காற்றென்றால் சட்டம் விடும் அளவுக்குத் தாழ்ந்து பறங்கள், பின்காற்றென்றால் ஏறுங்கள். ஊர் இல்லாத இடத்தில் தரையிலிருந்து 500 அடிதான் எல்லை, பந்தய விதி அதற்கு மேலே சொன்னால் அதுதான் எல்லை. ஆனால் பின்னால் வேகமான விமானங்கள் வந்துகொண்டிருக்கும், கடைசி இருபது நிமிடத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்குவார்கள். அந்த நேரத்தில் மேப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு பேரும் வெளியே பாருங்கள்.

பணம்: முழு வலுவில் என் லைக்கமிங் எஞ்சின் மணிக்கு நாற்பது லிட்டருக்கு மேல் குடிக்கும். பந்தய வாரம் ஒன்றுக்கு டீசல் பக்கி, தங்கும் அறை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஒரு சின்னக் கல்யாணத்துக்கு மொய் எழுதிய மாதிரி. விமானத்தைப் பாதிப் பங்கு ஒருவருக்குக் கொடுங்கள். என் மருமகன்தான் என் பங்காளி. பங்கு எழுதும்போது யார் எப்போது ஓட்டுவது, உடைந்தால் யார் கட்டுவது என்பதை எழுத்தில் வையுங்கள், சொந்தமென்றால் இன்னும் கண்டிப்பாக.

இப்போதெல்லாம் அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். அவன் கால் என் காலைவிட நேராக இருக்கிறது, எனக்குச் சைலோக்கள் பிடிபட்டுவிட்டன. போன பந்தயத்தில் பட்டியலில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே வந்தோம்.

ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை காலை அருகில் உள்ள ஏர்ஃபீல்ட் கிளப்புக்குப் போய், அடுத்த போட்டியில் யாருக்காவது நேவிகேட்டர் தேவையா என்று கேளுங்கள். யாருக்காவது தேவைப்படும். பந்தயக் காலையில் டீ ஒரு கப்போடு நிறுத்துங்கள், மூன்று மணி நேரம் எங்கும் இறங்க முடியாது. வடை கொண்டு போனால் எண்ணெய் போகத் துடைத்த கையோடு மேப்பைத் தொடுங்கள்.